அறுபத்து மூவரில் மூவர்

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஏழெட்டுப் பெண்கள் கூடுவோம். கொஞ்சம் வாசிப்போம், நிறையப் பேசுவோம். அதற்குப் பெயரோ பேனரோ கிடையாது. ஓர் ஆடி மாதத்தில், கருமாரியம்மன் கோயிலுக்கு வந்த கூட்டத்தால் திருவேற்காட்டுத் தெருக்கள் அடைத்துக் கிடந்த ஒரு நாள், புதிதாக ஒரு பெண் வந்து சேர்ந்தாள். பி.எஸ்சி. முடித்துவிட்டு டிஎன்பிஎஸ்சி குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறவள். அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை செய்கிறார். இலக்கியம் பேசுகிற இடம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பரீட்சைக்கு உதவும் என்று வந்திருக்கிறாள்.

அவள் கையில் ஒரு நீளமான நோட்டு. கோச்சிங் சென்டரில் கொடுத்த சாகித்திய அகாதெமி விருதுப் பட்டியலை அதில் அழகாக எழுதி வைத்திருந்தாள். சும்மா கேட்டதற்கு மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். 1972 ஜெயகாந்தன், சில நேரங்களில் சில மனிதர்கள். 1973 ராஜம் கிருஷ்ணன், வேருக்கு நீர். நாங்கள் கைதட்டினோம். ராஜம் கிருஷ்ணன் வேறு என்ன எழுதினார் என்று எங்களில் ஒருவர் கேட்டார். அதுவும் தயாராக இருந்தது: "குறிஞ்சித்தேன், படுகர். கரிப்பு மணிகள், உப்பளத் தொழிலாளர். அலைவாய்க் கரையில், மீனவர்." படித்திருக்கிறாயா என்றேன். "இல்ல மிஸ். பொருத்துகவுக்கு இவ்வளவு போதும்."

சரி, இந்தப் பட்டியலில் எத்தனை பெண்கள் என்று கேட்டேன். அதை அவள் எண்ணிப் பார்த்ததில்லை. விரல்விட்டு எண்ணினாள். லட்சுமி என்பது பெண்ணா, ஆணின் புனைபெயரா என்று ஒரு முறை சந்தேகம் கேட்டுக்கொண்டாள். நாலு பேர் என்றாள். இன்னொரு தடவை நோட்டைப் பார்த்துவிட்டு அவள் கேட்ட கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரை: "அப்போ லேடீஸ் அவ்வளவா நல்லா எழுதலையா மிஸ்?"

கேலியாகக் கேட்கவில்லை. பட்டியலை நம்பிக் கேட்டாள். விருது என்பது தரத்தின் அளவுகோல் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அந்த அளவுகோலை வைத்து அவள் போட்ட கணக்கில் ஒரு பிழையும் கிடையாது. 1955இல் தொடங்கி 2024 வரையிலான விருதுகளில், தமிழில் அதைப் பெற்ற அறுபதுக்கும் மேற்பட்டோரில் பெண்கள் நால்வர். ராஜம் கிருஷ்ணன் 1973. லட்சுமி, ஒரு காவிரியைப் போல, 1984. ஜி. திலகவதி, கல்மரம், 2005. அம்பை, சிவப்புக் கழுத்துடன் ஒரு பச்சைப் பறவை, 2021. முதல் பெண்ணுக்குப் பதினெட்டு வருடம் காத்திருப்பு. பிறகு பதினொன்று, இருபத்தொன்று, பதினாறு.

அறுபத்து மூன்று நாயன்மாரில் மூர்க்க நாயனார் எங்கள் ஊர்க்காரர். அந்த அறுபத்து மூவரில் பெண்கள் மூவர்: காரைக்கால் அம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார். இவர்களில் எழுதியவர் ஒருவர்தான். மற்ற இருவரில் ஒருவர் பாண்டிய அரசனின் மனைவி, இன்னொருவர் சுந்தரரின் தாய். அந்தப் பட்டியலை முதலில் பாடி வைத்தவரே சுந்தரர் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தம்பி திருநாவுக்கரசரைச் சைவத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்த அக்கா திலகவதியார் அதில் இல்லை. (அகாதெமிப் பட்டியலில் ஒரு திலகவதி இருக்கிறார் என்பது தற்செயல், அந்த அக்காவுக்காக எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்.) ஆயிரத்து முன்னூறு ஆண்டுகளுக்கு முந்தைய பக்தர் பட்டியலில் இருபத்தொருவருக்கு ஒரு பெண். சுதந்திர இந்தியாவின் இலக்கிய அமைப்பு தந்த பட்டியலிலும் ஏறக்குறைய அதே விகிதம்தான். பக்தியில் பெண்கள் பின்தங்கியிருந்தார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் எழுத்தில் பின்தங்கியிருந்தார்கள் என்று மேடை போட்டுச் சொல்வார்கள். "தரமாக எழுதினால் விருது தானாக வரும், இலக்கியத்தில் ஆண் பெண் பேதமில்லை" என்ற வாக்கியத்தை நான் முப்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதைச் சொன்ன பெண் ஒருவரையும் இதுவரை பார்த்ததில்லை.

தானாக வரும் என்பதைச் சோதித்துப் பார்க்க ஒரு காலப்பகுதியை எடுத்துக்கொள்வோம். 1963இல் அகிலனின் வேங்கையின் மைந்தன் விருது பெற்றது. அதற்கு அடுத்து ஒரு தமிழ் நாவல் விருது பெற்றது எப்போது? 1971இல், நா. பார்த்தசாரதியின் சமுதாய வீதி. இடைப்பட்ட காலத்தில் 1964இல் தமிழுக்கு விருதே இல்லை. பிறகு ஒரு வாழ்க்கை வரலாறு, வள்ளலார் பற்றிய ஒரு நூல், கி.வா.ஜ.வின் ஓர் உரைநடை நூல், ஒரு கவிதைத் தொகுப்பு, ஒரு நாடகம், ஒரு சிறுகதைத் தொகுதி. நாவல் ஒன்றுமில்லை.

அந்த வருடங்களில் தமிழில் நாவல் எழுதப்படவில்லையா? தமிழ் நாவலின் மிகச் செழிப்பான காலங்களில் ஒன்று அது. ராஜம் கிருஷ்ணனின் குறிஞ்சித்தேன் 1963. ஹெப்சிபா ஜேசுதாசனின் புத்தம் வீடு 1964. கிருத்திகாவின் வாசவேச்வரம் 1966. அதே 1966இல் சுந்தர ராமசாமியின் ஒரு புளியமரத்தின் கதை, தி. ஜானகிராமனின் அம்மா வந்தாள். 1968இல் நீல. பத்மநாபனின் தலைமுறைகள். இன்று யாரிடம் கேட்டாலும் நல்ல தமிழ் நாவல்கள் என்று சொல்லும் பட்டியலில் பாதி இங்கே கிடக்கிறது. விருது பெற்றவை, இவற்றில் ஒன்றும் இல்லை.

இதில் ஆண்களும் இருக்கிறார்களே, இது எப்படிப் பெண்கள் பிரச்சினை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதே வரிசையில் இருந்த ஆண்களுக்குப் பிறகு என்ன ஆனது என்று பாருங்கள். நீல. பத்மநாபனுக்கு 2007இல் வேறொரு நாவலுக்காகக் கொடுத்தார்கள். ஜானகிராமனுக்கு 1979இல் சக்தி வைத்தியம் என்ற சிறுகதைத் தொகுதிக்குக் கொடுத்தார்கள். சுந்தர ராமசாமிக்கு அகாதெமி விருது கடைசிவரை கிடைக்கவில்லை; ஆனால் அவரைப் பற்றிப் பேச ஒரு தலைமுறையே இருந்தது, இருக்கிறது. ஹெப்சிபா 2012இல் இறந்தார். கிருத்திகா 2009இல். இருவரும் தொண்ணூறை ஒட்டியும் எண்பதைத் தாண்டியும் வாழ்ந்தவர்கள். கொடுக்க நினைத்திருந்தால் நேரம் போதாமல் போயிருக்காது.

புத்தம் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கட்டுரையைப் படிக்கும் மாணவிகளில் பலர் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். சிறிய நாவல். குமரிப் பகுதியின் பனையேறிகள், கிறிஸ்தவக் குடும்பங்கள், நொடித்துப்போன ஒரு பெரிய வீடு. லிஸி என்ற பெண் பெரியவளாகிறாள். அதோடு அவளுடைய உலகம் அந்த வீட்டுச் சுவருக்குள் சுருங்குகிறது. பனையேறியின் மகன் தங்கராஜை அவள் விரும்புகிறாள். இவ்வளவுதான் கதை. உரக்கப் பேசுகிற ஒரு வாக்கியம் அதில் இல்லை. ஆனால் ஒரு பெண்ணை வீட்டுக்குள் நிறுத்துவது எவ்வளவு சாதாரணமாக, எவ்வளவு பாசத்தோடு, யாரும் கொடுமைக்காரர்களாக இல்லாமலே நடந்துவிடுகிறது என்பதை அந்த நாவல் காட்டுகிற மாதிரி அதற்கு முன் தமிழில் யாரும் காட்டவில்லை என்று நான் நினைக்கிறேன். அந்த வட்டாரப் பேச்சை நாவலின் மொழியாக்கியதிலும் அது முன்னோடி. வாசவேச்வரமோ நேர் எதிர். ஒரு கற்பனை அக்ரகாரம். அதன் ஆண்களின் சலிப்பும் பெண்களின் ஆசையும் எந்த மன்னிப்பும் கேட்காமல் எழுதப்பட்டிருக்கின்றன. 1966இல் ஒரு பெண் அதை எழுதினார் என்பதை இன்று படிக்கும்போதும் நம்பக் கொஞ்சம் நேரமாகிறது.

இந்த இரண்டு நாவல்களும் நின்றன. காலச்சுவடு இவற்றைத் தன் கிளாசிக் வரிசையில் கொண்டுவந்தது. இன்றைய வாசகிகள் தேடி வாங்குகிறார்கள். ஆனால் அதற்குள் பல பத்தாண்டுகள் ஓடிவிட்டன. இங்கேதான் விருதின் விதியைக் கவனிக்க வேண்டும். இப்போதைய விதிப்படி, விருது ஆண்டுக்கு முந்தைய ஆண்டைத் தள்ளிவிட்டு, அதற்கு முன்னால் உள்ள ஐந்து ஆண்டுகளில் முதற்பதிப்பாக வந்த நூலைத்தான் பார்ப்பார்கள். 2021 விருதென்றால் 2015 முதல் 2019 வரை வந்த புத்தகம். ஒருவருக்கு வாழ்நாளில் ஒரே முறைதான் இந்த விருது. பார்க்க நியாயமான விதி, எல்லோருக்கும் பொதுவானது. ஆனால் அது எதை அளக்கிறது? ஒரு புத்தகம் ஐந்து வருடத்துக்குள் கண்ணில் பட்டுவிட்டதா என்பதை. நாவலின் தரம் முப்பது வருடம் கழித்தும் அப்படியே இருக்கும். கண்ணில் படும் வேகம் எழுதியவர் யார் என்பதைப் பொறுத்தது.

அந்த வேகம் எங்கே உண்டாகிறது என்பது இலக்கியக் கூட்டத்துக்குப் போய் வந்த எல்லாப் பெண்களுக்கும் தெரியும். கூட்டம் ஆறு மணிக்கு என்று போட்டு ஏழுக்குத் தொடங்குகிறது. எட்டரைக்கு முடிந்ததும் டீக்கடையில் உண்மையான கூட்டம் ஆரம்பமாகிறது. அங்கேதான் "இந்தப் புத்தகம் பார்த்தீங்களா" என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்கிறார். எழும்பூரில் நடக்கும் கூட்டத்திலிருந்து திருவேற்காட்டுக்குத் திரும்ப வேண்டிய பெண் எட்டு மணிக்கே கைபேசியில் நேரம் பார்க்க ஆரம்பித்துவிடுவாள். வீட்டில் தோசை மாவு இருக்கிறதா என்ற யோசனை வேறு. ஒரு ஆணின் நாவல் வெளியான ஆறு மாதத்தில் நாலு ஊரில் விமர்சனக் கூட்டம் காண்கிறது. ராத்திரி பஸ் ஏறிப் போய்ப் பேசிவிட்டு மறுநாள் வந்துவிடுகிறார்கள். யாரும் சதி செய்யவில்லை. நண்பர்கள் நண்பர்களைப் படிக்கிறார்கள், அவ்வளவுதான். பெயர் பரிந்துரைக்கப்படும்போது நினைவுக்கு வருவது நேற்று டீக்கடையில் கேட்ட பெயர். நடுவர்கள் நேர்மையானவர்களாகவே இருக்கலாம். அவர்கள் மேஜைக்கு வந்து சேராத புத்தகத்துக்கு அவர்கள் எப்படி நியாயம் செய்வார்கள்?

வந்து சேர்ந்த புத்தகத்துக்காவது சரியாகச் செய்தார்களா என்பதற்கு ராஜம் கிருஷ்ணனே சாட்சி. பள்ளிப் படிப்பு முறையாக இல்லாதவர், பதினைந்து வயதில் திருமணம். நீலகிரிக்குப் போய்ப் படுகர் வாழ்வைப் பார்த்து எழுதினார். தூத்துக்குடி உப்பளத்துக்கும் கடற்கரைக்கும் போய் எழுதினார். மணலூர் மணியம்மையின் வாழ்க்கையைத் தேடிப் பாதையில் பதிந்த அடிகள் எழுதினார். பெண்கள் சமையலறையைத் தாண்டி எழுதுவதில்லை என்று சொன்ன காலத்தில், எத்தனையோ ஆண்கள் போகாத இடங்களுக்கு நோட்டும் பேனாவுமாகப் போனவர் அவர். அகாதெமி 1973இல் வேருக்கு நீருக்குக் கொடுத்தது. நல்ல நாவல்தான், குறிஞ்சித்தேனுக்கும் கரிப்பு மணிகளுக்கும் ஒரு படி கீழே வைப்பேன். கரிப்பு மணிகள் வந்தது 1979இல். அதற்குள் அவருக்குரிய ஒரே வாய்ப்பு முடிந்துவிட்டது. இன்று தேர்வு எழுதும் பெண் 1973 என்ற வருடத்தோடு சேர்த்து வேருக்கு நீரை மனப்பாடம் செய்கிறாள். உப்பளம் பொருத்துகவோடு நின்றுவிடுகிறது.

அம்பைக்கு வருவோம். 2021 அறிவிப்பு வந்த அன்று நாங்கள் மாடியில் கேசரி கிண்டிச் சாப்பிட்டோம், மறைப்பானேன். மறுநாள் யோசித்தபோது கேசரி கசந்தது. சிறகுகள் முறியும் தொகுதி 1976இல் வந்தது. வீட்டின் மூலையில் ஒரு சமையலறை 1988இல். தமிழ்ச் சிறுகதையில் ஒரு பெண் எப்படி யோசிக்கலாம் என்பதை அந்த இரண்டு புத்தகங்களும் மாற்றிப் போட்டுவிட்டன. அவை வந்தபோது கொடுக்காததை, நாற்பத்தைந்து வருடம் கழித்து, 2019இல் வந்த ஒரு தொகுதியின் பெயரில் கொடுத்தார்கள். விதிப்படி சமீபத்துப் புத்தகம் வேண்டுமே! ஆக, அந்த விருது ஒரு புத்தகத்தின் தரத்துக்கானது என்பதே பாசாங்கு. பழைய கடனைப் புதுத் தேதி போட்டு அடைத்தார்கள். அசோகமித்திரனுக்கும் இப்படித்தான் 1996இல் நடந்தது. 18வது அட்சக்கோடு எழுதியவருக்கு அப்பாவின் சினேகிதருக்காக விருது. ஆண்களுக்கும் கடன் தாமதமாகத்தான் வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். பெண்களுக்கு அது பெரும்பாலும் வருவதே இல்லை. ஐந்நூறுக்கும் மேல் கதை எழுதிய ஆர். சூடாமணி 2010இல் அது இல்லாமலே போனார். பழையன கழிதலும் எழுதிய சிவகாமியும், கருக்கு எழுதிய பாமாவும், இரண்டாம் ஜாமங்களின் கதை எழுதிய சல்மாவும் நான் பார்த்த பட்டியலில் இல்லை. கருக்கு 1992இல் வந்தது. ஆங்கிலத்துக்குப் போனபிறகு லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராமின் மொழிபெயர்ப்புக்குக் கிராஸ்வேர்ட் விருது கிடைத்தது. இங்கே அது நாவலா, தன்வரலாறா, இந்த மொழி இலக்கிய மொழியா என்று விசாரணை நடத்திக்கொண்டிருந்தோம்.

நம் பக்கத்திலும் ஒரு பொய் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பெண் வாங்கிய விருது என்பதால் அது நல்ல நாவல் என்று நாம் வாதாடக் கூடாது. லட்சுமி மருத்துவர், ஒரு தலைமுறைப் பெண்களை வாசகிகளாக்கியவர், என் அம்மாவுக்குப் படிக்கும் பழக்கம் வந்ததே அவரால்தான். ஒரு காவிரியைப் போல பெரிய நாவல் இல்லை. அதேபோல் 115 நாவல் எழுதி, ஜகன்மோகினியைப் பல்லாண்டு நடத்திய வை.மு. கோதைநாயகி அம்மாளின் நாவல்களும் கலைப்படைப்பாக என்னிடம் நிற்கவில்லை. ஆனால் வேங்கையின் மைந்தனும் 1980இல் விருது பெற்ற கண்ணதாசனின் சேரமான் காதலியும் எந்த வகை? பத்திரிகை வாசகர் விரும்பும் சரித்திரக் காதல் கதைகள்தானே. ஆண் எழுதிய ஜனரஞ்சகம் விருது மேடையில் ஏறிவிடும். பெண் எழுதியது மத்தியானப் பொழுதுபோக்கு என்று பெயர் வாங்கும். கோதைநாயகி 1960இல் இறந்தார். 1957, 1959, 1960 ஆகிய மூன்று வருடமும் தமிழுக்குத் தகுதியான நூல் இல்லை என்பதுபோல விருதே கொடுக்காமல் விட்டிருக்கிறார்கள்.

ஆண்களின் நாவலை உயர்த்தும் இன்னொரு அளவுகோல் எடை. 2011இல் காவல் கோட்டம், 2012இல் தோல், 2013இல் கொற்கை, 2014இல் அஞ்ஞாடி. நாலு வருடம் தொடர்ந்து தடித்த நாவல்கள், மூன்று ஆயிரம் பக்கத்தைத் தொட்டவை அல்லது தாண்டியவை. பல தலைமுறை, ஒரு சமூகத்தின் முழு வரலாறு. அஞ்ஞாடி எனக்கு மிகவும் பிடித்த புத்தகம். பூமணி மீது குறை சொல்ல வாய் வராது. என் கேள்வி அளவுகோலைப் பற்றியது. பெரிய நாவல் என்றால் பெரிய காலம், பெரிய கூட்டம், பெரிய புத்தகம் என்று ஒரு கணக்கு நம் மனதில் உட்கார்ந்துவிட்டது. ஆயிரம் பக்கம் எழுத எத்தனை வருடம் வேண்டும், அத்தனை வருடமும் அந்த வீட்டில் யார் சமைத்தார்கள், யார் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் லீவு போட்டார்கள் என்று விமர்சகர்கள் கேட்பதில்லை. புத்தம் வீடு கைக்கு அடக்கமான புத்தகம். ஒரு வீட்டுக்குள் ஒரு பெண்ணின் பத்து வருடம் என்பது களம் சிறியது என்று கணக்காகிறது. போர்க்களத்தைவிட அடுப்படி சிறிய இடம் என்று யார் அளந்தார்கள்?

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு தோழர் எழுந்து "விருதெல்லாம் குப்பை மேடம், உண்மையான எழுத்தாளர் அதைப் பொருட்படுத்த மாட்டார்" என்பார். கேட்க நன்றாக இருக்கும். அது வசதியுள்ளவர்களின் துறவு. விருது வெறும் ஒரு லட்சம் ரூபாயும் செப்புப் பட்டயமும் என்றால் நானும் குப்பை என்று சொல்லிவிடுவேன். விருது பெற்ற புத்தகம் பிற இந்திய மொழிகளுக்குப் போகிறது. மறுபதிப்பு காண்கிறது. நூலகத்துக்குப் போகிறது. 2021இல் தமிழ்நாடு அரசு கனவு இல்லம் என்ற திட்டத்தை அறிவித்ததே, ஞானபீடம், சாகித்திய அகாதெமி போன்ற விருதுகளைப் பெற்ற எழுத்தாளருக்கு வீடு! பட்டியலில் பெயர் இருந்தால் தலைக்கு மேல் கூரை. ராஜம் கிருஷ்ணன் தன் கடைசி வருடங்களை முதியோர் இல்லத்திலும் மருத்துவமனையிலும் கழித்தார். உயிரோடு இருக்கும்போதே 2009இல் அவர் நூல்களை அரசு நாட்டுடைமையாக்கியது. வழக்கமாக இறந்தவர்களின் நூல்களுக்குச் செய்வது. 2014 அக்டோபர் 20 அன்று போரூர் ராமச்சந்திரா மருத்துவமனையில் இறந்தார். போரூர் எங்களுக்குப் பக்கத்து ஊர். அவர் அங்கே படுத்திருக்கிறார் என்று தெரிந்தும் நான் ஒரு நாளும் போய்ப் பார்க்கவில்லை. போகலாம் போகலாம் என்று இருந்துவிட்டேன்.

விருது எப்படி வேலை செய்கிறது என்பதை நான் நேரில் பார்த்த இடம் ஒரு கல்லூரியின் பாடத்திட்டக் குழு. கல்லூரியின் பெயர் வேண்டாம். இளங்கலைத் தமிழுக்கு ஒரு நாவல் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் புத்தம் வீடு என்றேன். அறையில் ஆறு பேர், பெண்கள் இருவர். ஒருவரும் மறுக்கவில்லை. மூத்தவர் ஒருவர் மட்டும் அன்பாகக் கேட்டார்: "அகாதெமி வாங்கினதா மேடம்?" இல்லை என்றேன். "அப்போ நாளைக்கு யாராவது ஏன் இந்த நாவல்னு கேட்டா நம்மகிட்ட பதில் இருக்காதே." பதில் என்னிடம் இருந்தது. ஒரு மணி நேரம் பேசக்கூடிய பதில். ஆனால் மதியச் சாப்பாடு வந்துவிட்டது, எல்லோரும் எழுந்துகொண்டிருந்தார்கள். நான் விட்டுக்கொடுத்தேன். விருது பெற்ற ஒரு நாவல் வைக்கப்பட்டது. அதில் என் கையெழுத்தும் இருக்கிறது. மூன்று வருடம், வருடத்துக்கு நூற்றுச்சொச்சம் பெண்கள் லிஸியைச் சந்திக்காமல் பட்டம் வாங்கிப் போனார்கள். "ஏன் இந்த நாவல்" என்ற கேள்விக்கு நாவலைப் படித்துப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பிலிருந்து எங்களைக் காப்பாற்றியது விருது. நடுவர் செய்யும் தவறைவிட இந்தச் சோம்பல் பெரியது என்று இப்போது நினைக்கிறேன்.

வெளிநாட்டில் மட்டும் நிலைமை நன்றாக இருந்ததா? 1991இல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் ஆறு பேரும் ஆண்கள். அங்கிருந்த பெண்கள் சும்மா இருக்கவில்லை. 1996இல் பெண்களின் நாவலுக்கென்று தனிப் பரிசு வந்தது. பாரிஸில் 1904இலேயே பெண்கள் மட்டுமே நடுவர்களாக இருக்கும் ஃபெமினா பரிசை உண்டாக்கியிருக்கிறார்கள். 2025இல் ஹாசனைச் சேர்ந்த பானு முஷ்தாக்கின் கன்னடக் கதைகள், தீபா பாஸ்தியின் மொழிபெயர்ப்பில், சர்வதேச புக்கர் பெற்றன. அந்தக் கதைகள் முப்பது வருட காலத்தில் எழுதப்பட்டவை. லண்டனில் அறிவித்த அன்று ராத்திரி அவற்றின் தரம் ஒரு சொட்டும் கூடவில்லை. மாறியது, படிக்க உட்கார்ந்த ஆட்கள்.

எனக்குத் தனிப் பரிசின் மேல் பெரிய ஆசை இல்லை. பேருந்தில் மகளிர் இருக்கை போல அதையும் கேலி செய்வார்கள், ஆனாலும் உட்கார இடம் கிடைக்கும். நான் கேட்பது வேறு. முதற்பதிப்பு வந்து இருபத்தைந்து வருடம் ஆன புத்தகத்துக்கு ஒரு விருது கொடுங்கள். எழுதியவர் இறந்திருந்தாலும் கொடுங்கள். அன்றைக்குக் கண்ணில் படாதது இன்றைக்கு நிற்கிறதா என்று பார்த்துக் கொடுங்கள். டீக்கடை நட்பு அத்தனை நாள் தாங்காது. புத்தகம் தாங்கினால்தான் உண்டு. பாடத்திட்டக் குழுக்களில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் மதியச் சாப்பாடு ஆறினாலும் பரவாயில்லை என்று இன்னும் ஒரு மணி நேரம் பேசுங்கள். நான் பேசாமல் விட்டதால் சொல்கிறேன்.

அந்தப் பெண்ணின் கேள்விக்கு அன்றைக்கு நான் இவ்வளவும் சொல்லவில்லை. கரிப்பு மணிகளைப் படித்துவிட்டு வா, அப்புறம் பேசலாம் என்று மட்டும் சொன்னேன். நாட்டுடைமை ஆன நூல் என்பதால் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது, கைபேசியிலேயே இறக்கிக்கொண்டாள். இரண்டு வாரம் வரவில்லை. மூன்றாவது வாரம் வந்தாள்.

"முடிச்சுட்டேன் மிஸ். ராத்திரி அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுனேன். அம்மா ஒண்ணு கேட்டாங்க."

"என்ன?"

"இதை எழுதுனவங்க அந்த அளத்துல வேலை பாத்தவங்களான்னு."

இல்லை, நேரில் போய்ப் பார்த்து, பேசி எழுதினார் என்றேன். அவள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள்.

"எங்க அம்மா கம்பெனிக்கு யாரும் வந்ததில்ல மிஸ்" என்றாள்.